தண்ணீரால் ஓடிய கணினி: பில் பிலிப்ஸ் யார், அவர் கதை நமக்கு ஏன் முக்கியம்?

பேங்க் நெகாரா ஓபிஆர் விகிதத்தை மாற்றியது என்ற செய்தி வரும்போது நம்மில் பலர் ஒரு நொடி பார்த்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். கால் விழுக்காடு ஏறினால் நமக்கென்ன, இல்லையா? ஆனால் அந்தக் கால் விழுக்காடு வீட்டுக் கடன் தவணை, கடை வியாபாரம், வேலை வாய்ப்பு என்று எங்கெங்கோ போய் முட்டும். எவ்வளவு முட்டும், எப்போது முட்டும் என்பதைத்தான் முன்கூட்டியே சொல்வது கடினம்.

1949-ஆம் ஆண்டு லண்டனில் ஒருவர் இதைக் கண்ணால் பார்க்கும்படி செய்தார். அதற்கு அவர் பயன்படுத்தியது எண்களை அல்ல, தண்ணீரை. ஒரு நாட்டின் பணம் எப்படிச் சுற்றுகிறது என்பதைக் குழாய், தொட்டி, பம்பு கொண்டு ஓட்டிக் காட்டினார்.

அவர்தான் பில் பிலிப்ஸ். எஸ்டிபிஎம் தேர்வில் பொருளியல் எடுத்தவர்களுக்கு பிலிப்ஸ் வளைகோடு என்ற பெயர் பழக்கமாக இருக்கும். ஆனால் அந்த வளைகோட்டின் சொந்தக்காரர் ஒரு மின் பொறியாளர், சிங்கப்பூர் விழுந்த வாரத்தில் அங்கிருந்து கப்பலேறியவர், ஜாவாவில் ஜப்பானியரிடம் மூன்றரை ஆண்டு கைதியாக இருந்தவர் என்பது பலருக்குத் தெரியாது.

நியூசிலாந்துப் பண்ணைப் பையன்

முழுப் பெயர் ஆல்பன் வில்லியம் ஹவுஸ்கோ பிலிப்ஸ். 1914 நவம்பர் 18-இல் நியூசிலாந்தின் டானிவிர்க் நகருக்கு அருகே தெ ரெஹுங்கா என்ற சிற்றூரில் பிறந்தார். பால் பண்ணைக் குடும்பம். அவருடைய அப்பா பண்ணை ஓடையில் ஒரு நீர்ச்சக்கரத்தைப் பொருத்தி, அதைக் கொண்டே வீட்டுக்கு மின்விளக்கு எரிய வைத்தவர். ஓடும் தண்ணீரால் என்னென்ன செய்யலாம் என்பதை பிலிப்ஸ் சிறு வயதிலேயே வீட்டில் பார்த்துவிட்டார்.

பல்கலைக்கழகம் போக வசதி இல்லை. உலகமே பொருளாதார மந்தத்தில் தவித்த காலம் அது. 15 வயதில் பள்ளியை விட்டு, பொதுப்பணித் துறையில் மின் பொறியியல் பயிற்சியாளராகச் சேர்ந்தார். நீர்மின் நிலையத்தில் வேலை.

1935-இல் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினார். தங்கச் சுரங்கத்தில் மின் வேலை, சினிமா கொட்டகை நடத்துதல், முதலை வேட்டை என்று கிடைத்ததையெல்லாம் செய்தார். 1937-இல் சீனாவுக்குக் கப்பலேறியபோது சீன-ஜப்பானியப் போர் வெடித்தது. கப்பல் ஜப்பானுக்குத் திரும்ப, அங்கிருந்து கொரியா, மஞ்சூரியா, சைபீரிய ரயில் என்று சுற்றி ஒரு வழியாக லண்டன் போய்ச் சேர்ந்தார். வேலை பார்த்துக்கொண்டே படித்து மின் பொறியாளர் தகுதியும் பெற்றார்.

சிங்கப்பூர், பிறகு ஜாவா

இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் பிலிப்ஸ் பிரிட்டிஷ் விமானப் படையில் சேர்ந்தார். அனுப்பப்பட்ட இடம் சிங்கப்பூர். மலாயாவைக் காக்க வைத்திருந்த பஃபலோ போர் விமானங்கள் ஜப்பானிய விமானங்களுக்கு ஈடு கொடுக்க முடியாதவை. அவற்றின் ஆயுதங்களை மேம்படுத்தும் வேலையில் இருந்தார் பிலிப்ஸ்.

1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. அதற்கு 3 நாள் முன்பு எம்பயர் ஸ்டார் என்ற கப்பல் அங்கிருந்து கிளம்பியது. அது சரக்குக் கப்பல். பயணிகளுக்கு இருந்தது கொஞ்ச இடம்தான். அன்று அதில் ஏறியவர்களோ 2,000-க்கும் மேல். வழியில் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. பிலிப்ஸ் ஒரு இயந்திரத் துப்பாக்கியைத் தற்காலிகமாகக் கட்டி நிறுத்தி, தாக்குதல் முடியும் வரை அதை விட்டு நகராமல் சுட்டுக்கொண்டிருந்தார். பின்னாளில், 1946-இல், அவருக்கு எம்பிஇ விருது கொடுத்தது இதற்காகத்தான்.

கப்பல் ஜாவா போய்ச் சேர்ந்தது. கொஞ்ச நாளில் ஜாவாவும் விழுந்தது. பிலிப்ஸ் கைதியானார்.

முகாமில் பசியும் நோயும் இருந்த மூன்றரை ஆண்டுகள் அவர் கை சும்மா இருக்கவில்லை. சக கைதிகளிடம் சீன மொழி கற்றார். உடைந்த பாகங்களைச் சேர்த்து ரகசிய வானொலியைப் பழுது பார்த்தார். பிடிபட்டால் உயிர் தப்பாது என்று தெரிந்தே செய்த வேலை அது. முகாமின் விளக்குக் கம்பியிலிருந்து திருட்டுத்தனமாக மின்சாரம் எடுத்து, தேநீருக்குத் தண்ணீர் சூடாக்கும் சின்னச் சின்னக் கருவிகளும் செய்துகொடுத்தார். எல்லாரும் ஒரே நேரத்தில் தண்ணீர் போட்டால் முகாம் விளக்குகள் மங்குமாம். காவலர்களுக்குக் காரணமே புரியவில்லை.

ஒரு முனையில் இழுத்தால் இன்னொரு முனையில் மங்கும். இந்த விஷயத்தை மறந்துவிடாதீங்க, கொஞ்சத்தில் திரும்ப வரும்.

கராஜில் பிறந்த இயந்திரம்

போர் முடிந்ததும் முன்னாள் வீரர்களுக்கான திட்டத்தில், 1946-இல், லண்டன் பொருளியல் பள்ளியில் சேர்ந்தார். எடுத்தது சமூகவியல். மதிப்பெண் பெரிதாக ஒன்றும் இல்லை, தேறினார், அவ்வளவுதான். ஆனால் பாடத்தின் ஒரு பகுதியாக வந்த பொருளியல் அவரைப் பிடித்துக்கொண்டது.

பொருளியலாளர்கள் எப்போதும் ஓட்டம், தேக்கம் என்றே பேசினார்கள். பணம் ஓடுகிறது, சேமிப்பு தேங்குகிறது, முதலீடு பாய்கிறது. கென்னத் போல்டிங் எழுதிய பாடநூலில் ஒரு பொருளின் விலையையும் கையிருப்பையும் தொட்டி, குழாய் என்று படமாகவே போட்டிருந்தது. நீர்மின் நிலையத்தில் வேலை பார்த்தவருக்கு அது வெறும் உவமையாகத் தெரியவில்லை. உண்மையாகவே கட்டலாமே என்று தோன்றியது.

லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்த நண்பர் வால்டர் நியூலின் துணைக்கு வந்தார். லீட்ஸ் 100 பவுண்டு கொடுத்தது. லண்டனுக்குத் தெற்கே குரோய்டனில் வாடகைக்கு இருந்த வீட்டு உரிமையாளரின் கராஜில், 1949 கோடையில் வேலை நடந்தது. போரில் மிஞ்சிய பழைய சாமான்களும் அதில் சேர்ந்தன.

1949 நவம்பர் 29-இல் லண்டன் பொருளியல் பள்ளியில், லயனல் ராபின்ஸ் நடத்திய கருத்தரங்கில், பேராசிரியர்கள் முன் இயந்திரம் ஓடியது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பலர். பம்பு ஓடி, நிறம் கலந்த தண்ணீர் குழாய்களில் இறங்கி, பேனா தாளில் கோடு போடத் தொடங்கியதும் அது வேடிக்கை இல்லை என்று புரிந்துவிட்டது. சமூகவியலில் சும்மா தேறிய மாணவருக்கு அடுத்த ஆண்டே அங்கே உதவி விரிவுரையாளர் வேலை கிடைத்தது.

அமெரிக்காவில் அந்த இயந்திரத்துக்கு மோனியாக் என்று பெயர் வைத்தார்கள். பணத்தையும் தேசிய வருமானத்தையும் கணிக்கும் அனலாக் கணினி என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது.

அது எப்படி ஓடியது?

ஏறக்குறைய 2 மீட்டர் உயரம். ஒளி புகும் பிளாஸ்டிக் தொட்டிகள், குழாய்கள், மடைகள். இதை வேறு மாதிரி சொல்லிப் பார்ப்போம்.

நெகிரி செம்பிலானில் ரந்தாவ் அருகே இருக்கும் கோலா சாவாவை எடுத்துக்கொள்ளுங்கள். மலாய் மொழியில் கோலா என்றால் ஆறுகள் கூடும் இடம், சாவா என்றால் நெல் வயல். ஊர்ப் பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது. வயலுக்கு நீர் பாய்ச்சுகிறவருக்கு ஒன்று தெரியும். மேல் மடையை அகலத் திறந்தால் அந்த வயல் நிரம்பும், கீழ் வயலுக்கு வருவது குறையும். மொத்தத் தண்ணீரில் எவ்வளவு எங்கே போகிறது என்பதை மடைகள்தான் தீர்மானிக்கின்றன.

இப்போது தண்ணீருக்குப் பதிலாகத் தோட்டத்துச் சம்பளம் என்று வையுங்கள். சம்பள நாளில் பணம் வருகிறது. ஒரு பங்கு வரி. ஒரு பங்கு சேமிப்பு, அந்தக் காலத்தில் சீட்டு, இன்று சேமநிதி. மீதி கடைக்குப் போகிறது. கடைக்காரர் அதில் சரக்கு வாங்குகிறார், ஆளுக்குக் கூலி கொடுக்கிறார். கடைக்குப் போன பணம் இன்னொருவரின் வருமானமாகத் திரும்பவும் மேலே ஏறுகிறது.

மோனியாக் செய்ததும் இதுதான், ஒரு முழு நாட்டுக்கு. பம்பு தண்ணீரை மேலே ஏற்றும். அது நாட்டின் வருமானம். கீழே இறங்கும்போது வரியாக ஒரு கிளை பிரியும், சேமிப்பாக இன்னொன்று, இறக்குமதியாக மற்றொன்று. சேமிப்புத் தொட்டியில் மட்டம் ஏறினால் வட்டி குறையும், முதலீட்டு மடை அகலமாகத் திறக்கும். அரசாங்கச் செலவும் ஏற்றுமதியும் மீண்டும் ஓட்டத்தில் வந்து சேரும். தொட்டிகளில் மிதவைகள் இருந்தன. மட்டம் ஏற இறங்க, அவற்றோடு இணைத்த பேனாக்கள் நகரும் தாளில் வருமானமும் வட்டியும் எப்படி மாறுகின்றன என்று வரைந்தன.

வட்டியைத் தீர்மானிப்பது பணத்தின் இருப்பா, சேமிப்பின் ஓட்டமா என்று கெய்ன்ஸ் தரப்பும் ராபர்ட்சன் தரப்பும் ஆண்டுக் கணக்கில் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. இயந்திரத்தில் தொட்டியின் மட்டமும் குழாயின் ஓட்டமும் ஒன்றையொன்று மாற்றுவது கண்ணெதிரே தெரிந்தது. இரண்டு தரப்பும் ஒரே விஷயத்தின் இரு பக்கத்தைப் பேசியிருக்கின்றன.

அனலாக் கணினி என்றால் என்ன?

உங்கள் கைப்பேசி டிஜிட்டல் கணினி. அதற்குள் எல்லாமே 0, 1 என்ற எண்களாக மாறி, படிப்படியாகக் கணக்கிடப்படும். அனலாக் கணினி எண்ணாது. நீங்கள் ஆராய விரும்பும் பொருள் எந்த விதியில் நடந்துகொள்கிறதோ, அதே விதியில் நடந்துகொள்ளும் இன்னொரு பொருளை உருவாக்கி ஓட விட்டு, விளைவை அளப்பது அதன் வழி. எல்லாம் ஒரே நேரத்தில், நிற்காமல் மாறிக்கொண்டே இருக்கும்.

மோனியாக்கில் அந்த இன்னொரு பொருள் தண்ணீர். அந்தக் காலத்துப் பொறியாளர்கள் பெரும்பாலும் பயன்படுத்தியது மின்னழுத்தம். விமானத்தின் இறக்கை காற்றில் எப்படி அதிரும், ஏவுகணை எப்படித் திரும்பும், மின் கட்டமைப்பில் ஒரு கம்பி அறுந்தால் மற்றவை தாங்குமா? இதையெல்லாம் உண்மைப் பொருளில் சோதித்தால் உயிர் போகும், பணம் போகும். அதனால் முதலில் மின்சுற்றில் ஓட்டிப் பார்த்தார்கள். இந்தியாவிலும் 1953-இல் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் சமரேந்திர குமார் மித்ரா ஒரு அனலாக் கணினியை உருவாக்கினார். பிறகு அனலாக்கின் வேகத்தையும் டிஜிட்டலின் துல்லியத்தையும் சேர்த்த கலப்புக் கணினிகள் வந்தன. 1960-களில் விண்வெளிப் பயணங்களை முன்கூட்டியே ஒத்திகை பார்க்க அவை உதவின.

நம் தோட்டங்கள் அந்தக் குழாயில் எங்கே?

பிரிட்டனின் பொருளாதாரத்தைக் காட்டும் இயந்திரத்தில் இறக்குமதிக்கு ஒரு கிளைக் குழாய் உண்டு என்றோம். 1949-இல் பிரிட்டன் வாங்கிய பொருள்களில் மலாயா ரப்பரும் ஒன்று. லண்டனில் அந்தக் கிளை வழியாக வெளியேறிய தண்ணீரின் ஒரு துளி, நெகிரி செம்பிலானில் விடியற்காலையில் பால் வெட்டியவரின் கூலி. அமெரிக்காவுக்கு விற்ற மலாயா ரப்பரும் ஈயமும் கொண்டுவந்த டாலர், போரால் நொடிந்த பிரிட்டனுக்குப் பெரிய தாங்கலாகவும் இருந்தது.

அப்படியானால் லண்டனில் யாராவது ஒரு மடையைத் திருகினால் இங்கே என்ன ஆகும்? இதற்குத் தோட்ட வரலாற்றிலேயே பதில் இருக்கிறது.

ரப்பர் மரம் நட்டால் பால் வெட்ட 5 முதல் 7 ஆண்டு ஆகும். விலை ஏறும்போது எல்லாரும் நடுவார்கள். மரம் முதிர்ந்து பால் வரும்போது விலை விழுந்திருக்கும். முதல் உலகப் போருக்குப் பிறகு இதுதான் நடந்தது. விலையைத் தூக்கிப் பிடிக்க 1922-இல் ஸ்டீவன்சன் திட்டம் என்ற ஏற்றுமதிக் கட்டுப்பாட்டை பிரிட்டன் மலாயாவிலும் இலங்கையிலும் கொண்டுவந்தது. விலை ஏறியது. ஆனால் கட்டுப்பாட்டில் சேராத டச்சுக் கிழக்கிந்தியாவில், இன்றைய இந்தோனேசியாவில், சிறுதோட்டக்காரர்கள் உற்பத்தியைப் பெருக்கினார்கள். 1928-இல் திட்டத்தையே கைவிட வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு உலகப் பெருமந்தம். ரப்பர் விலை அடியோடு சரிந்து, கூலி வெட்டப்பட்டு, 1930-களின் தொடக்கத்தில் தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

திட்டம் போட்டவர்கள் விலையைக் காப்பாற்றத்தான் நினைத்தார்கள். இன்று திருகும் மடையின் விளைவு பல ஆண்டு கழித்துத்தான் வரும் என்பதும், அதற்குள் பக்கத்து வாய்க்காலில் வேறொருவர் மடை திறப்பார் என்பதும் அவர்கள் கணக்கில் சரியாக வரவில்லை. விலையைக் கொடுத்தது கூலிக்காரக் குடும்பங்கள்.

நல்ல எண்ணம் ஏன் போதாது?

பிலிப்ஸ் தன் வாழ்நாளில் அதிகம் போராடியது இந்தக் கேள்வியோடுதான்.

1954-இல் அவர் வெளியிட்ட ஆய்வு, பொறியாளர்களின் கட்டுப்பாட்டு முறையைப் பொருளாதாரத்துக்குக் கொண்டுவந்தது. அரசாங்கம் மூன்று விதமாகச் செயல்படலாம். ஒன்று, பொருளாதாரம் இப்போது எவ்வளவு சரிந்திருக்கிறதோ அந்த அளவுக்குக் கை கொடுப்பது. இது மட்டும் இருந்தால் சரிவு குறையும், ஆனால் முழுசாகத் தீராது. இரண்டு, இதுவரை சேர்ந்த சரிவு மொத்தத்தையும் கணக்கில் எடுத்துச் செயல்படுவது. இது சரிவைத் தீர்க்கும், ஆனால் அளவு மீறினால் பொருளாதாரத்தை ஊஞ்சல் போல ஆட்டிவிடும். மூன்று, சரிவு எந்த வேகத்தில் மாறுகிறது என்று பார்த்து முன்கூட்டியே இழுத்துப் பிடிப்பது. இது ஆட்டத்தை அடக்கும். மூன்றும் சரியான அளவில் கலக்க வேண்டும். இன்று டிரோன் காற்றில் நிலையாக நிற்பதும் ஏறக்குறைய இதே மூன்று கணக்கால்தான்.

அடுத்து தாமதத்தை ஆராய்ந்தார். தண்ணீர் இயந்திரம் இதற்குப் போதவில்லை. அதனால் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்திலும், விமானம் கட்டும் ஷார்ட் பிரதர்ஸ் நிறுவனத்திலும் இருந்த மின்னணு அனலாக் கணினிகளில் பொருளாதார மாதிரிகளை ஓட்டினார். விமானத்துக்கும் பொருளாதாரத்துக்கும் ஒரே இயந்திரம். 1957-இல் வெளியான முடிவு எளிமையானது, ஆனால் சங்கடமானது. விளைவு வர எவ்வளவு காலம் ஆகும் என்று தெரியாமல் திருத்தம் செய்தால், அந்தத் திருத்தமே நிலைமையை மோசமாக்கலாம்.

வகுப்பறையிலும் இது தெரிந்தது. லண்டன் பொருளியல் பள்ளியில் ஜேம்ஸ் மீட் என்ற பேராசிரியர் இரண்டு மோனியாக்குகளை இணைத்து, இரண்டு நாடுகளின் வணிகமாக ஓட வைத்தார். ஒரு மாணவர் நிதியமைச்சர், இன்னொருவர் மத்திய வங்கித் தலைவர். இருவரும் தங்கள் பக்கத்தைச் சரி செய்யப் போய் மற்றவரின் வேலையைக் கெடுப்பார்கள். ஜாவா முகாமில் மங்கிய விளக்கு நினைவுக்கு வருகிறதா?

வளைகோடு வந்தது, மனிதர் மறைந்தார்

1958-இல் பிலிப்ஸ் ஒரு கட்டுரை வெளியிட்டார். பிரிட்டனில் 1861 முதல் 1957 வரை வேலையின்மையும் கூலி உயர்வும் எப்படி நகர்ந்தன என்று பார்த்தார். வேலையின்மை குறைவாக இருந்த ஆண்டுகளில் கூலி வேகமாக ஏறியிருந்தது. அதுதான் பிலிப்ஸ் வளைகோடு. அதே ஆண்டு பேராசிரியரும் ஆனார்.

பிறகு அந்த வளைகோடு அவர் கையை விட்டுப் போனது. கொஞ்சம் விலைவாசி உயர்வைப் பொறுத்துக்கொண்டால் வேலையின்மையைக் குறைக்கலாம் என்று அதை ஒரு மெனு அட்டை மாதிரி பலர் படித்தார்கள். அது நிலைக்காது என்று மில்டன் ஃப்ரீட்மேன், எட்மண்ட் ஃபெல்ப்ஸ் ஆகியோர் 1960-களின் கடைசியில் எச்சரித்தார்கள். 1970-களில் வேலையின்மையும் விலைவாசியும் சேர்ந்தே ஏறியபோது, பழி பிலிப்ஸின் பெயர் மேல் விழுந்தது. ஓடிக்கொண்டே இருக்கும் பொருளாதாரத்தில் நேரமும் தாமதமும்தான் முக்கியம் என்று இயந்திரம் கட்டிக் காட்டியவரின் பெயர், அசையாமல் நிற்கும் ஒரு கோட்டோடு ஒட்டிக்கொண்டது.

1967-இல் அவர் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். முகாமில் கற்ற சீன மொழி கைகொடுக்க, சீனப் பொருளாதாரத்தின் பக்கம் திரும்பினார். 1969-இல் பக்கவாதம் தாக்கியது. நியூசிலாந்து திரும்பி, ஆக்லாந்தில் 1975 மார்ச் 4-இல் காலமானார். வயது 60.

இன்று என்ன மிச்சம்?

ஏறக்குறைய ஒரு டஜன் மோனியாக்குகள் கட்டப்பட்டன. ஹார்வர்டு, ஃபோர்டு கார் நிறுவனம், குவாத்தமாலா மத்திய வங்கி, இஸ்தான்புல் பல்கலைக்கழகம் எல்லாம் வாங்கின. இன்று லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் ஒன்று இருக்கிறது. நியூசிலாந்தில் ஒன்று. கேம்பிரிட்ஜில் உள்ளதைச் சரி செய்து மறுபடியும் தண்ணீர் ஓட வைத்திருக்கிறார்கள்.

இன்று மத்திய வங்கிகள் டிஜிட்டல் கணினியில் மாதிரிகளை ஓட்டுகின்றன. தண்ணீர் இல்லை, பேனா இல்லை. ஆனால் திருகும் மடையும், தாமதமாக வரும் விளைவும் அப்படியேதான் இருக்கின்றன. அதனால் அடுத்த முறை ஓபிஆர் செய்தி வரும்போது, விகிதம் ஏறியதா இறங்கியதா என்பதோடு நிற்காதீங்க. இது எத்தனை மாதம் கழித்து யார் வீட்டுக்கு வந்து சேரும் என்றும் கேளுங்கள். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிகளுக்கு அதைச் சொல்ல அன்று யாரும் இருக்கவில்லை.